தாதி முதலில் செய்ய வேண்டியது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சர்க்கரை நோயால் கிடைத்தது. கற்பனை, உள்ளொளி, சமூக அக்கறை எதற்கும் இதில் பங்கில்லை. பினாங்கு மாநிலத்து ஜுருவில் கார் உதிரிபாகம் விற்று ஓய்வு பெற்றவன் நான். மாதம் தவறாமல் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிளினிக்கில் விரலை நீட்டுகிறேன். அந்த விரலைக் குத்துகிறவள் ஜெகதீஸ்வரி. தாதியர் படிப்பை முடித்தவள். ஆனால் தாதி இல்லை. நடுவில் உரிமத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. எழுதினாள், தோற்றாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மறுபடி எழுதப் போகிறாள். அதுவரை இந்தக் கிளினிக்கில் உதவியாளர் வேலை.

யாராவது "மிஸ்ஸி" என்று, தாதியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டால் உடனே திருத்துவாள். "மிஸ்ஸின்னு கூப்பிடாதீங்க. இன்னும் இல்ல."

அவள் தேர்வுக்குத் தயாராகும் விதம் இப்படி. ரத்த அழுத்தப் பட்டையை நம் ஒரு கையில் சுற்றிவிட்டு, மறு கையில் பயிற்சிப் புத்தகத்தைத் திணித்துவிடுவாள். பட்டை இறுகித் தளர்வதற்குள் நாம் ஒரு கேள்வி வாசிக்க வேண்டும். காய்ச்சலோடு வந்தவர், கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு வந்தவர், ஒருவருக்கும் விலக்கில்லை. (பேசினால் அழுத்தம் கூடும். அது அவளுக்கும் தெரியும். எனவே முதல் தடவை கேள்விக்கு, இரண்டாம் தடவை அழுத்தத்துக்கு என்று வைத்திருந்தாள்.)

நான் வாசித்தேன். நோயாளி மூச்சுத் திணறுகிறார். தாதி முதலில் செய்ய வேண்டியது என்ன?

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

விடை, தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைப்பது.

நோயாளி கட்டிலிலிருந்து விழுந்து கிடக்கிறார்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

விடை, எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பது.

அறுவை முடிந்து வந்தவரின் காயக்கட்டு ரத்தத்தில் நனைகிறது.

"இதுக்குக் கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும் அங்கிள்."

விடை, காயத்தை அழுத்திப் பிடிப்பது.

"எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்றியேம்மா?"

"சொல்லாம எப்படி அங்கிள் செய்யறது?" என்றாள். நிஜமாகவே கேட்டாள்.

அங்கே எனக்குக் கதை கிடைத்தது. வீட்டுக்குப் பறந்தேன். (பறக்கவில்லை. என் காருக்குக் குறுக்கே யாரோ வேனை நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் வரும்வரை வெயிலில் நின்றேன்.)

2

தொடக்கங்கள்.

அ) வெள்ளுடை தரித்த தேவதை ஒருத்தி —

கிளினிக்கில் சீருடை மரூன் நிறம். கறை தெரியக் கூடாதாம்.

ஆ) பினாங்கு மலைமேல் மூட்டம் கவிந்திருந்த அந்தக் காலைப்பொழுதில், ஜெகதீஸ்வரியின் உள்ளத்திலும் —

அவள் மலையை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. உள்ளத்தில் என்ன கவிந்திருக்கிறது என்று கேட்டேன். "தூக்கம்" என்றாள்.

இ) தோல்வி என்பது வெற்றியின் முதல் —

இது ஆண்டு மலர் ஆசிரியருக்குப் பிடித்திருக்கும். அவர்தான் "ஊக்கமூட்டற மாதிரி ஒரு கதை குடுங்க சார், இளைஞர்களுக்கு" என்று கேட்டிருந்தார். எந்த இளைஞர் ஆண்டு மலர் படிக்கிறார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஈ) ஜெகதீஸ்வரி தேர்வில் தோற்றாள், ஏனென்றால் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார்.

இதை அடிக்கவில்லை. வம்பு இதில்தான் இருக்கிறது.

3

அண்ணன் பெயர் கோகிலன். பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அப்பா இறந்தபோது அவர் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தார், தங்கை பள்ளிச் சிறுமி. அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டார். "எதுவா இருந்தாலும் மொதல்ல என்கிட்ட சொல்லு." பல்வலி, பள்ளிச் சுற்றுலா, பஸ் தவறியது, செருப்பு அறுந்தது எல்லாவற்றையும் அவள் சொன்னாள். அவர் பார்த்துக்கொண்டார். பல வருடம் இப்படியே ஓடிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் தானாக ஒன்றைச் செய்யும் பழக்கம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கி வைத்திருந்தேன். 'கோகிலன் மேசையை ஓங்கிக் குத்தி —' என்று ஒரு வாக்கியம்கூடத் தயார். பிறகு ஆளை நேரில் பார்த்தேன். தினமும் வேலைக்குப் போகும் முன் மோட்டார் சைக்கிளில் தங்கையைக் கொண்டுவந்து இறக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிய மைலோ பானத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் ஹெல்மெட் கலைத்த முடியைக் காட்டி "சீவிக்க" என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர். பயிற்சிப் புத்தகமும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். மேசையைக் குத்தும் வாக்கியத்தை அவருக்கு எப்படிப் பொருத்துவது? வேண்டாமென்று விட்டேன்.

"இந்த வாட்டியும் கெடைக்கலன்னா பரவால்ல லா" என்று என் முன்னாலேயே அவளிடம் சொன்னார். "எங்க லைன்ல ஆள் எடுக்கறாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிட்டேன்."

ஆக, அவளுக்காக இரண்டு இடங்கள் காத்திருக்கின்றன. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, இந்தத் தேர்வு முடிவு வரும்வரை ஓர் இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. தேறாவிட்டால் அது போய்விடும். பிறகு அண்ணன் சொல்லிவைத்த இடம். தொழிற்சாலை வேலையை நான் மட்டம் தட்டவில்லை. என் மனைவி அந்த வேலை பார்த்துத்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது. ஆனால் அது அவள் கேட்டதல்ல.

அவர் போன பிறகு கேட்டேன். "பெயிலாயிடுவோம்னு பயமா?"

"பெயிலுக்குப் பயமில்ல அங்கிள். பெயிலானா அண்ணன் திட்ட மாட்டாரு. 'சரி விடு, நான் பாத்துக்கறேன்'ம்பாரு." விரலைக் குத்தினாள். "அதுக்குத்தான் பயம்."

4

இந்த இடத்தில் கதை சூடுபிடிக்க வேண்டும். பிடித்தது. ஆனால் நான் அங்கே இல்லை. சரியாகச் சொன்னால் இருந்தேன், தரையில்.

அன்றைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். காலை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கிவிட்டுப் போனேன். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போடக் கூடாதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று இங்கே எழுதலாமென்று பார்த்தேன். ஜெகதீஸ்வரி சொல்லியிருந்தாள். இரண்டு முறை.

டாக்டர் இன்னும் வரவில்லை. கவுண்டரில் வேலை பார்க்கும் ஹுஸ்னா, வந்தவர்களின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தாள். கோகிலன் மைலோவோடு வாசலில் நின்றார். ஜெகா என் கையில் பட்டையைச் சுற்றி, மறு கையில் புத்தகத்தைக் கொடுத்தாள். நான் வாசித்தேன்.

'நோயாளியின் உடல் வியர்த்துக் குளிர்கிறது. பேச்சு குழற —'

[இவ்விடத்தில் ஆசிரியர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டபடியால், கதை சிறிது நேரம் ஆசிரியர் இல்லாமலே நடந்தது.]

(கேள்வி அவ்வளவு பொருத்தமாக அமைந்ததா என்று சந்தேகப்படுகிறீர்கள். சந்தேகப்படுங்கள். அதை மாற்றிவிட்டேன். உண்மையில் நான் வாசித்தது படுக்கைப்புண் பற்றி.)

5

கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்திருந்தார். திட்டினார். அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் விழுந்ததும் அவள் முதலில் என்ன செய்தாள்?

ஹுஸ்னா சொன்னது: "மொதல்ல டாக்டர் ரூமுக்குத்தான் ஓடினா அங்கிள். கதவத் தொறந்து 'டாக்டர்!'னு கத்தினா. உள்ள யாரு இருக்கா? நாற்காலிதான் இருந்துச்சு."

"மொதல்லயா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மொதல்லன்னுதான் நெனைக்கிறேன். நானும் அப்ப கத்திக்கிட்டிருந்தேன் லா."

ஜெகா சொன்னது: "ஞாபகம் இல்ல." குளுக்கோஸ் சொட்டுவதைச் சரிபார்த்தாள். "ஓடியிருப்பேன் அங்கிள். நான்தானே."

கோகிலன் சொன்னது: அன்று வேலைக்குப் போகாமல் என் காரை ஓட்டி என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது தானாகவே ஆரம்பித்தார்.

"நீங்க சரிஞ்சதும் மைலோவ உங்க வாயில ஊத்தப் போனேன்ணே. சுகர் எறங்கிருச்சுன்னா இனிப்புதானே குடுக்கணும்? அவ என் கையத் தட்டி விட்டுட்டா. மைலோ பூரா செவுத்துல. 'ஊத்தாத! நெனவு இல்லாதவருக்கு மூச்சுக்குழாய்ல போயிரும், நவுறு'ன்னா. அண்ணேன்னுகூடச் சொல்லல."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

"அப்புறம் உங்கள ஒருக்களிச்சுப் படுக்க வச்சா. விரல்ல குத்திப் பாத்தா. ஹுஸ்னாவ டாக்டருக்குப் போன் போடச் சொன்னா. நான் நின்னுகிட்டே இருக்கேன். என்கிட்ட ஒண்ணுமே கேக்கல."

"கோபமா?"

"தெரியல." வளைவில் காரைத் திருப்பினார். "அவ அப்படிப் பேசி நான் பாத்ததில்ல."

அவள் டாக்டர் அறைக்கு ஓடியது அந்தத் தட்டலுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன். அவர் கவனிக்கவில்லை. செவுத்து மைலோவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் எழுத்தாளர். அவருக்கோ சர்க்கரை இறங்கிவிட்டது. யோசித்தால் நானும் அவளைப் போலத்தான். எது நடந்தாலும் முதலில் உங்களிடம் ஓடிவந்து சொல்கிறேன். எதிரே இருக்கிற ஆளை நின்று பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. ஜெகதீஸ்வரியின் கண் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. கை தெரியும். குத்துவது வலிக்காது.

6

தேர்வு முடிந்த மறுவாரம் போனேன். புத்தகம் கையில் திணிக்கப்படவில்லை. வெறுங்கையோடு உட்கார ஒரு மாதிரியாக இருந்தது.

"எப்படிம்மா செஞ்ச?"

"இந்த வாட்டி 'டாக்டரிடம் தெரிவிக்கவும்' போடவே இல்ல அங்கிள். கண்ணுல பட்டாலே தாண்டிட்டேன்."

"சபாஷ்."

"ஒரு கேள்வி வந்துச்சு." பட்டையைச் சுற்றினாள். "தாதி எல்லாம் செஞ்சு முடிச்சிட்டா. நாடி பாத்தாச்சு, ஆக்சிஜன் வச்சாச்சு, சாய்ச்சு உக்கார வச்சாச்சு. ஆளு இன்னும் மோசமாகறாரு. அடுத்து என்ன செய்யணும்?"

"டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றேன் நான்.

"அதான் சரி" என்றாள். "நான் மறுபடியும் நாடி பாக்கணும்னு போட்டுட்டேன்."

பட்டை இறுகியது. இருவரும் பேசவில்லை. அன்றைக்கு முதல் தடவையிலேயே என் அழுத்தம் சரியாகக் கிடைத்தது.

"அந்த மாதிரி எத்தனை கேள்வி?"

"அதான் அங்கிள் தெரியல."

7

முடிவுகள்.

ஆண்டு மலருக்கு உகந்தது: 'தேர்ச்சி' என்ற சொல்லைக் கண்டதும் கோகிலனின் விழிகள் பனிக்க, அவர் தங்கையின் —

இலக்கியத்துக்கு உகந்தது: பாயான் பாரு தொழிற்சாலை வாசல். நீலச் சட்டை அணிந்த பெண்கள் கூட்டமாக உள்ளே போகிறார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் ஒரு கணம் —

இரண்டாவதுக்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். ஓர் ஆளைத் தோற்கடித்தால் எழுத்தாளனுக்கு மரியாதை கூடுகிறது. ஏனென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் தேற வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். வெட்கமில்லாமல் ஆசைப்படுகிறேன். கதைக்குள் இதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே சொல்லிவிட்டேன்.

அவளிடமே கேட்டேன். "எப்படி முடிக்கட்டும்?"

"பாஸுன்னு எழுதிறாதீங்க அங்கிள். பெயிலுன்னும் எழுதாதீங்க. நீங்க எழுதி நான் தெரிஞ்சுக்க வேண்டாம்."

8

முடிவு வெளியாகும் காலையில் எனக்குக் கிளினிக்கில் எந்த வேலையும் இல்லை. போனேன். கோகிலனுக்குத் தொழிற்சாலையில் வேலை இருந்தது. அவர் போகவில்லை. ஹுஸ்னா ஒரே பெயரை இரண்டு தடவை பதிந்தாள். காத்திருந்த நோயாளிகளும் ஜெகாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை கேள்வி வாசித்துக் கொடுத்தவர்கள்! அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

அவள் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தாள்.

"குடு, நான் பாக்கறேன்" என்று கோகிலன் கையை நீட்டினார். பழக்கம். நீட்டிய பிறகுதான் நீட்டியிருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததுபோல இருந்தது, ஆனால் மடக்கவில்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். "இருண்ணே" என்றாள். மருந்து வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோகிலன் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்கதானே இத எழுதறீங்க. உள்ள என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்புறம் என்னத்த எழுதறீங்க?"

நியாயமான கேள்வி. பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் கதவருகே போனார். தட்டக் கையை ஓங்கினார். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தட்டவில்லை.

உள்ளே தண்ணீர்க்குழாய் திறக்கும் சத்தம். மூடும் சத்தம்.

கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். இந்த முறை நின்று பார்த்தேன். கண் சின்னக் கண். சிவந்திருந்தது. அழுதால் சிவக்கும். சிரித்து அழுதாலும் சிவக்கும். சோப்பு பட்டாலும் சிவக்கும்.

"அடுத்த நம்பர்" என்றாள்.

ஒரு தாய், கைக்குழந்தையோடு எழுந்தார். குழந்தையின் கழுத்தெல்லாம் தடிப்பு. ஜெகா குனிந்து துணியை விலக்கிப் பார்த்தாள்.

"ஜெகா, என்னாச்சு?" கோகிலன் கதவருகிலிருந்தே கேட்டார்.

"கிளினிக் மூடட்டும்ணே. உன்கிட்ட சொல்றேன்."

"நல்ல சேதின்னா இப்பவே —"

"உக்காருண்ணே."

அவர் உட்கார்ந்தார். அந்தக் கிளினிக்கில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்களும் உட்காருங்கள்.