நோன்பும் ஈறும்

அப்துல் லத்தீப்புக்கு டாக்டர்கள் மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. ஒருத்தன் நோயைக் கொடுப்பான், இன்னொருத்தன் அதற்குக் கத்தியை எடுப்பான் என்பது அவர் கணக்கு. வலிப்பு வந்து விழுந்த பிறகு நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையால் வலிப்பு நின்றது வாஸ்தவம்தான். ஆனால் ஈறு தடித்து வளர்ந்து பல்லில் பாதியை மூடிவிட்டது. தொட்டால் ரத்தம். இது மாத்திரை செய்கிற வேலை, நரம்பு டாக்டரிடம் சொல்லி மெல்ல மெல்ல வேறு மாத்திரைக்கு மாறணும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார் பல் டாக்டர். முதல் பாதி மட்டும் லத்தீப்பின் காதில் ஏறியது.

ரமலான் நோன்பு பிறந்தது. ரத்தம் என்று தெரிந்தே விழுங்கினால் நோன்பு முறியும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். நோயாளி நோன்பை விடலாம் என்றும் அவரேதான் சொன்னார். வயதுக்கு வந்ததிலிருந்து ஒரு நோன்பையும் விடாத மனுஷன் அதைக் கேட்பாரா? பகலெல்லாம் துப்பிக்கொண்டே இருந்தார். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஹவுல் தொட்டிப் பக்கம் அவர் சிவப்பாகத் துப்பியதை, துணிக்கடை முத்து முகம்மது பார்த்துவிட்டார்.

"என்ன நானா, வெத்தல போட்டுக்கிட்டே நோன்பு வைக்கிறீங்களா? எனக்கும் ஒரு மடிப்பு குடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாயைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டினால் வலிப்பு விஷயம் தெருவுக்கு வந்துவிடும். உதட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து மனைவி ஆரிபா இரவில் கொடுத்த மாத்திரையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டார். தடித்த ஈறு அதற்கு நல்ல மறைவு. கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு வருவார்.

ஈறு வற்றவில்லை. வலிப்புதான் திரும்பி வந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போனவர் ஹவுல் கரையிலேயே விழுந்தார்; கை கால் வெட்டி இழுத்தது. முத்து முகம்மதுதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். போகும்போது லத்தீப்பின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

புத்தி தெளிந்தபோது நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். மகள் ஜஸீலா நரம்பு டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, இப்போதே கொடுக்கச் சொன்னார் என்று மாத்திரையும் தண்ணீருமாக நின்றாள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரம் கிடந்தது. லத்தீப் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வாப்பா, இந்த நோன்ப பொறவு களா புடிச்சுக்கலாம். வாயத் தொறங்க."

விட்ட நோன்பைப் பிறகு ஈடுகட்டுவது என்றால் எப்போது? அப்போதும் இதே மாத்திரை, இதே ஈறு, இதே ரத்தம். வேறு மாத்திரைக்கு மாற மாதக்கணக்காகுமாம். விழுங்கினால் நோன்பு போகும். விழுங்காவிட்டால் நாளைக்கு ஹவுலுக்குள்ளேயே தலைகுப்புற விழலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"நீங்க மவுத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டா அந்தக் களாவ யாரு புடிக்கிறது?" என்றாள் ஆரிபா. அழவில்லை.

அவர் வாயைத் திறந்தார். தண்ணீரோடு மாத்திரையும் போயிற்று, ரத்தமும் போயிற்று.

பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் போகிறவர்களின் பேச்சு தெருவில் கேட்டது. வாசல் கதவைச் சாத்தச் சொன்னார்.