ஜார்ஜியாக்காரரும் கருவாட்டுத் துவையலும்

டாக்காவில் குல்ஷன் ஏரியைப் பார்த்து நிற்கும் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் யாரும் கருவாடு சமைக்கக் கூடாது என்று லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டினார்கள். பெயர் எதுவும் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. நாலாம் மாடி ஹுஸ்னாரா பேகம் சிட்டகாங்காரி. வெள்ளிக்கிழமை மதியம் அவள் வாளைக் கருவாட்டைச் சுட்டுப் பூண்டும் மிளகாயும் வைத்து நசுக்கினால், அந்த வாசனை படிக்கட்டு வழியே ஏறி எட்டாம் மாடிக் கதவைத் தட்டாமலேயே உள்ளே போய்விடும்.

எட்டாம் மாடியில் இருந்தவர் வதூத். அரசாங்கத்தில் கூடுதல் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுவதற்கு அமைச்சகம் இல்லாமல் போனதால் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரானவர். ஹுஸ்னாரா அவரிடமே போய்க் கேட்டாள்.

"தூதரகங்க இருக்கற தெரு பாபி இது. பக்கத்துல இருக்கற வெளிநாட்டுக்காரங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றார் வதூத். அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் அவர் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"வதூத் பாய், நீங்க நவகாளிக்காரர். உங்கம்மா கருவாடு சமைச்சதே இல்லையா?"

"அது நவகாளி. இது குல்ஷன்."

 ஹுஸ்னாரா திரும்பி வந்து, ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுச் சோற்றைப் பருப்போடு பிசைந்து தின்றாள். கணவர் போய் ஆறு வருஷம். மகள் டொராண்டோவில். மூன்று அறைகள் பூட்டியே கிடந்தன. உண்மையில் அவளுக்குக் கருவாடு இல்லாததைவிட, எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாததுதான் பெரிய குறையாக இருந்தது. பருப்புச் சோற்றை மூன்று நாள் தின்ற பிறகு அது அவளுக்கே விளங்கியது.

அந்தச் சமயத்தில்தான் சிநேகிதி ருக்‌ஷானா போன் செய்தாள். தனக்குத் தெரிந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தங்க இடம் தேடுகிறார், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இளைத்துப் போய்விட்டார், நல்ல மனுஷர் என்றாள். ஆளைப் பார்த்தபோது ஹுஸ்னாராவுக்குச் சிரிப்பு வந்தது. இளைத்த பிறகும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நரைத்த அடர்ந்த மீசை. டாக்கா வெயிலிலும் கழற்றாத கறுப்புக் கோட்டு. பெயர் ஜுராப். ஊர் ஜார்ஜியா, அதாவது கருங்கடல் ஓரத்து நாடு. தூதரக வீடுகளில் வளரும் நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக் கொடுப்பது தொழில். முதல் வேளைச் சாப்பாட்டிலேயே, ஜன்னலை அடைத்துக்கொண்டு பயந்து பயந்து செய்த கருவாட்டுத் துவையலை வழித்துத் தின்றுவிட்டு, கண்ணில் தண்ணீரோடு இன்னும் கேட்டார். ஹுஸ்னாரா கிழக்கு அறையைத் திறந்து விட்டாள்.

சங்கத்தில் வேறு ஒரு விதியும் இருந்தது. உறவுக்காரர் அல்லாத யாரையும் வீட்டில் தங்கவைக்கக் கூடாது. மறுநாள் காலை லிஃப்ட் எட்டாம் மாடியிலிருந்து இறங்கி நாலில் நின்றது. உள்ளே வதூத். வெளியே ஹுஸ்னாராவும் ஜுராபும்.

ஹுஸ்னாராவுக்கு ஒரு கர்வம் உண்டு. பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை என்பாள். அன்றைக்கும் சொல்லவில்லை.

"இவரு யாரு பாபி?" என்று வதூத் கேட்டார். குரலில் அப்போதே அபராதம் இருந்தது.

"ஜுராப். ஜார்ஜியாக்காரர்."

வதூத்தின் முகம் மாறியது. "ஜார்ஜியாவா? என் மச்சான் அமெரிக்காவுல, அட்லாண்டாவுலதான் இருக்கான். அது ஜார்ஜியாவுலதானே இருக்கு?"

அட்லாண்டா ஜார்ஜியாவில்தான் இருந்தது. அதை மறுக்க ஹுஸ்னாராவுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆமாம் என்றாள்.

"இங்க என்ன பண்றாரு?"

"தூதரகங்கள்லதான் வேலை. காலைல ஒரு தூதர் வீடு, சாயங்காலம் இன்னொண்ணு. இவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அங்க மறுபேச்சு கிடையாது."

ஜுராப் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ வணக்கம் சொன்னார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வதூத் பரவசமாகத் தலையாட்டினார். பிறகு ஹுஸ்னாராவின் காதருகே, தென்மாநிலத்து அமெரிக்கர்கள் அப்படித்தான் பேசுவார்கள், மச்சான் போனில் பேசுவதும் இப்போதெல்லாம் புரிவதில்லை என்று விளக்கினார்.

சாயங்காலத்துக்குள் ஜுராபின் சைக்கிளுக்குத் தலைவர் கார் பக்கத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. வாசல் காவலாளி தாராமியா அவரைக் கண்டால் காலை ஓங்கித் தரையில் அடித்து சல்யூட் வைக்க ஆரம்பித்தான். கிளப்பில் வதூத் என்னென்ன சொன்னார் என்று ஹுஸ்னாராவுக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் அந்த வாரமே இரண்டு பேர் அவளுக்குப் போன் செய்து, பிள்ளைகளின் விசாவைப் பற்றி அந்த அமெரிக்கத் தூதரிடம் ஒரு வார்த்தை போடச் சொன்னார்கள். விசா விஷயத்தில் அவர் தலையிடுவதே கிடையாது என்று ஹுஸ்னாரா சொன்னாள். அதுவும் உண்மைதான். ஆனால் அதைக் கேட்டவர்களுக்கு அவர் மேல் மரியாதை கூடிப் போயிற்று. இது எங்கே போய் முடியுமோ என்று அவள் கவலைப்பட்டாள். அதே சமயம், எத்தனையோ வருஷமாக இல்லாத ஒரு குஷியும் வந்திருந்தது.

வதூத்தே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார், அவரோடு ஒருவேளை உட்கார்ந்து பேச முடியுமா என்று. ஹுஸ்னாரா வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். அன்றைக்கு எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு கருவாட்டைச் சுட்டாள்.

வதூத் மனைவி லைலியோடு வந்தார். லைலி வாசற்படியிலேயே முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். வதூத் அவள் கையைப் பிடித்து இறக்கினார். மேஜையருகே தான் எதில் உட்காருவது, அமெரிக்கரை எதில் உட்காரவைப்பது என்று அவர் தயங்கிக்கொண்டு நின்றபோது ஜுராப் ஒரு நாற்காலியைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த வங்காளம் முழுவதும் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையாட்களிடம் கற்றது.

"உட்காரு," என்றார், உறுதியாக.

வதூத் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களை நிற்கவைத்துப் பேசிய மனிதர், குரல் வந்த வேகத்தில் பொத்தென்று உட்கார்ந்ததை ஹுஸ்னாரா கண்ணால் பார்த்தாள். பருப்புக் கிண்ணத்தை எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் ஓடிப்போய், குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்துவிட்டு வந்தாள்.

துவையல் வந்தது. ஜுராப் மூன்று கரண்டி போட்டுக்கொண்டு சோற்றில் பிசைந்தார். அமெரிக்கத் தூதர் தின்கிற பண்டத்தைத் தொடாமல் இருப்பது எப்படி? வதூத் ஒரு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு கரண்டியை எடுத்தார். அதற்கப்புறம் அவர் விசாவைப் பற்றியோ உலக அரசியலைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. நெற்றியில் வேர்வை வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டைக் காலி செய்தார். ஜுராப் அவர் தோளில் தட்டி, "நல்ல பிள்ளை," என்றார்.

லிஃப்டிலிருந்த அறிவிப்பு மறுநாள் காணாமல் போயிற்று.

ஆனால் குல்ஷனில் எல்லோருக்கும் காலைநடை ஏரிக்கரைப் பூங்காவில்தான். இப்படி ஒருநாள் வரும் என்று ஹுஸ்னாரா எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் நடந்துகொண்டிருந்தாள். எதிரே வதூத், கிளப் நண்பர்கள் நாலு பேரோடு வந்துகொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பிரிகேடியர் மன்னான். எதையும் சத்தமாகத்தான் கேட்பார். அந்த நேரம் பார்த்து வளைவில் திரும்பி வந்தார் ஜுராப். கையில் மூன்று கயிறு, கயிற்று முனையில் மூன்று பெரிய நாய்கள். ஒன்று வாத்தைப் பார்த்துத் துள்ளியது.

"உட்காரு," என்றார் ஜுராப், அதே குரலில்.

மூன்று நாய்களும் பொத்தென்று உட்கார்ந்தன. ஜுராப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்து ஒவ்வொன்றையும் தட்டி, "நல்ல பிள்ளை," என்றார்.

வதூத் நின்ற இடத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. நாய்களைப் பார்த்தார். ஜுராபைப் பார்த்தார். கடைசியில் ஹுஸ்னாராவைப் பார்த்தார்.  அவள் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்த்தாள்.

"இவருதான் உங்க அமெரிக்கத் தூதரா?" என்று பிரிகேடியர் பூங்காவுக்கே கேட்கும்படி கேட்டார். "இவரு என்ன, நாய்க்காரன் மாதிரி..."

வதூத் தொண்டையைச் செருமினார்.

"அதுதான் மன்னான் நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசம். நம்ம ஊருல ஒரு துணைச்செயலாளர்கூட தன் நாயை ஆள் வெச்சுத்தான் நடக்கவிடுவான். அமெரிக்காவுல எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தன் வேலையைத் தானே பாக்கறாங்க. எளிமையைப் பாருங்க," என்றார்.

நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக ஜுராபின் கையைக் குலுக்கினார்கள். பிரிகேடியர் ஒரு நாயின் கையையும் குலுக்கினார்.

அன்று மதியம் வதூத் நாலாம் மாடிக்கு வந்தார். அறையைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஹுஸ்னாரா முந்திக்கொண்டாள். தான் தப்பு செய்துவிட்டதாகவும் மன்னித்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். மனசார வெட்கப்பட்டுத்தான் சொன்னாள்.

"நீங்க ஒரு பொய்யும் சொல்லல பாபி. நானும் காலைலேருந்து யோசிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுகூட இல்ல," என்றார் வதூத். "பொய்யெல்லாம் நான் சொன்னதுதான். கிளப்புல, மசூதியில, சம்பந்தி வீட்டுல. இவரு இப்போ தூதரா இல்லாமப் போனா நான் எங்க போறது?"

பிறகு காரியத்துக்கு வந்தார். அடுத்த மாசம் மருமகள் முறையான பெண்ணுக்குக் கல்யாணம். முக்கிய விருந்தாளி பெயரை ஏற்கெனவே பத்திரிகையில் அச்சடித்தாகிவிட்டது. ஜுராப் வந்தே ஆக வேண்டும், நாயோடு வராமல் இருந்தால் நல்லது.

ஜுராப் போனார். மணமக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தட்டுக் காச்சி பிரியாணி சாப்பிட்டு, போட்டோவுக்கெல்லாம் மீசையை முறுக்கினார். தன்னை என்னவென்று நினைக்கிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வங்காளிகள் நாய்ப் பயிற்சிக்காரர்களை இவ்வளவு மதிக்கிறார்களே என்று ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்துபோவதாக ஹுஸ்னாராவிடம் ஒருமுறை சொன்னார். அவள் மேலும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இரண்டு வருஷம் இருந்தார். பிறகு துபாயில் ஒரு பெரிய நாய்ப் பண்ணையில் வேலை கிடைத்துக் கிளம்பினார். பெரிய நாட்டுக்கு மாற்றலாகிப் போகிறார் என்று கிளப்பில் சொல்லப்பட்டது. சொன்னவர் வதூத். விடைகொடுக்க அவர் பூங்கொத்தோடு கீழே வந்து நின்றார். தாராமியா பெட்டியைக் காரில் ஏற்றினான். வதூத் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகத் தயார் செய்து வைத்திருந்தார். முதல் வரியைத் தொடங்கினார். பேச்சை விட்டுவிட்டு, அந்தப் பெரிய மனுஷரை எட்டிக் கட்டிக்கொண்டு, கார் ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும்வரை விடவில்லை.