வாயு என்று சொன்ன வலி

சிதறால் மலையடித் தோட்டத்தில் நேசையனும் எபிசனும் பதினெட்டு வருசம் சேர்ந்து ரப்பர் பால் வெட்டினவர்கள். போன வருசம் ஒரு காலையில் எபிசன் கத்தியை வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நெஞ்சுக்குள்ள பாரம் ஏத்தின மாதிரி இருக்கு. தாடையும் கடுக்குது."

"வாயுவா இருக்கும்லே. இரி, மிச்சத்த வெட்டிட்டு வாறேன்."

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது எபிசன் குளிர்ந்து கிடந்தான்.

அவன் மனைவி சஜிதாவிடம் நேசையன் சொன்னது வேறு. "பேசிட்டே நின்னான் மக்கா, சட்டுன்னு சாஞ்சிட்டான். ஒரு வேதனையும் அறியல்ல." சபையாரும் அதையே சொல்லி அவளைத் தேற்றினார்கள்.

அதன்பிறகு நேசையன் அந்தப் பாறையைத் தாண்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் 'அண்ணே' என்று கேட்கும். திரும்பினால் மரங்கள்தான் நிற்கும். அடுத்த மரத்துக்குப் போவார்; மறுபடியும் கேட்கும். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த ஐப்பசியில் அவருக்கே வந்தது. இடது கை கனத்தது, தாடை கடுத்தது, வேர்த்துக் கொட்டியது. "வாயுதான்" என்று வாய் தானாகச் சொன்னது.

'அண்ணே, அது வாயு இல்ல.'

குரல் காதோடு ஒட்டிக் கேட்டது. நேசையன் கத்தியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து ஆட்டோவை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்த கையோடு உள்ளே கொண்டுபோனார்கள். கை வழியாகக் குழாய் விட்டு, இதயக் குழாயில் இருந்த அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்ல நேரத்துல வந்தீங்க. தாமதிச்சிருந்தா கஷ்டம்தான்," என்றார் டாக்டர். நேசையன் விம்மி அழுதார். பயந்துவிட்டார் என்று நர்ஸ் நினைத்தாள்.

வீடு திரும்பிய பத்தாம் நாள் சஜிதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கத்தவில்லை. "என்னைய விளிச்சிருப்பாரா?"

"தெரியல்ல மக்கா."

"சட்டுன்னு போயிட்டாருன்னு நெனச்சுதான் அண்ணே இத்தன நாளும் ஒறங்கினேன். நீங்க பாரத்த எறக்கிட்டீங்க. நான் இத எங்க கொண்டு வைப்பேன்?"

நேசையன் எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க திரும்பி வந்தப்ப அவரு கண்ணு எப்படி இருந்தது?"

திறந்திருந்தது. இவர் நடந்துபோன தடத்தையே பார்த்தபடி இருந்தது.

"மூடியிருந்தது மக்கா," என்றார் நேசையன். "ஒறங்குற மாதிரி."

சஜிதா அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.