பின்னால வாங்கோ

சுவிஸின் வில் நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது என்று தீர்மானிப்பது தவச்செல்வனின் வேலை. அந்த வேலையை அவரிடம் யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் "எங்க போவம்?" என்று கேட்பார். ஒருவர் ஏரி என்பார், ஒருவர் மலை என்பார், பிள்ளைகள் நீச்சல் குளம் என்பார்கள். இரண்டு நாள் அடிபட்ட பிறகு, அவர் முதலிலேயே மனதில் வைத்திருந்த இடத்தைச் சனிக்கிழமை மாலை அறிவிப்பார். கனடாவிலிருந்து யாரும் வந்திருந்தால் ரைன் நீர்வீழ்ச்சி. வராவிட்டால் சென்டிஸ் மலையடிவாரம். காருக்குப் பக்கத்தில் கழிவறை வேண்டும், கோழி சுட இடம் வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. காட்சி எப்படியும் இருக்கும், சுவிஸில் அது எங்கே ஓடிவிடப் போகிறது?

விலாசம் மட்டும் யாருக்கும் அனுப்பமாட்டார். "பின்னால வாங்கோ" என்பார். எல்லாரும் பின்னால் போவார்கள். இத்தனை வருசம் போய்வந்தும் சென்டிஸுக்கு வழி கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

காரும் அப்படித்தான். தவச்செல்வன் ஒருமுறை வெள்ளி நிறத்தில் ஏழுபேர் இருக்கும் டொயோட்டா ஒன்றை வாங்கினார். நல்ல கார் என்று சொன்னார். அடுத்த வருசம் இரவீந்திரன் அதையே வாங்கினான். அதற்கடுத்து மகேந்திரனும் வாங்கினார். ஒரே நிறம், ஒரே கார், பின்கண்ணாடியில் பிள்ளைகளுக்கு வெயில் படாமல் ஒட்டும் அதே கறுப்பு வலை. மூன்றும் வரிசையாகப் போனால் ஏதோ அரசாங்க ஊர்வலம் போல இருக்கும்.

மகேந்திரன் போன வருசத்துக்கு முந்தின வருசம் இறந்துபோனார். நெஞ்சுவலி. அதன்பிறகு அவருடைய கார் நிலத்தடிக் கராஜில் நின்றது. மனைவி இந்திரா தவச்செல்வன் காரிலோ இரவீந்திரன் காரிலோ எங்கே இடமிருக்கிறதோ அங்கே ஏறிக்கொள்வாள். பெரும்பாலும் கடைசி இருக்கை, மடியில் சோற்றுப்பெட்டி. ஏறும்போது "இந்திரா எங்க இருக்கப் போறா?" என்று அவளைத் தவிர மற்ற எல்லாரும் கதைப்பார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி வரும் ஒவ்வொரு முறையும் இந்திராவுக்கு இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் போல இருக்கும்.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. மகன் நிலன் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில் எடுத்தது. எடுத்த பிறகு காரை ஓடவேயில்லை. மகேந்திரன் இருக்கும்போது அவள் ஏன் ஓடவேண்டும்? அவரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போது நிலன் லவுசான் பக்கம் படிக்கப் போய்விட்டான். காரை விற்றுவிடுங்கள் அம்மா என்று அவனும் சொல்லிவிட்டான்.

ஒரு சனிக்கிழமை, பராமரிப்பு இல்லத்துச் சலவை வேலை முடிந்து வந்தவள், மேலே வீட்டுக்குப் போகாமல் கீழே கராஜுக்குப் போனாள். காரில் ஏறி இருந்தாள். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. இருக்கை மகேந்திரன் விட்ட இடத்திலேயே இருந்தது. அதை முன்னால் இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை ஒன்றை வைத்து, நுனியில் இருந்தபடி காரை ஓடினாள். சில வாரங்கள் அப்படியே போயின. பிறகு ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. கைப்பிடியை இழுத்து இருக்கையை முன்னால் தள்ளினாள். அன்றைக்கு எங்கும் போகவில்லை. காருக்குள் இருந்து நன்றாக அழுதுவிட்டு மேலே போனாள்.

இடம் தேர்ந்தெடுப்பதில் அவளுடைய கணக்கு தவச்செல்வனுடையதைப் போன்றதல்ல. ஓட்டோபான் என்னும் அதிவேகச் சாலையில் ஏறக்கூடாது. சுரங்கம் வரக்கூடாது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டி வரக்கூடாது. முக்கியமாக, போன இடத்தில் பின்னுக்கு எடுக்காமல் திரும்பி வரக்கூடிய பெரிய வெட்டைவெளி வேண்டும். இப்படிப் பார்த்தால் வில் நகரைச் சுற்றிச் சில இடங்கள்தான் மிஞ்சும். பிஷிங்கன் மடாலயம் நல்லது, அங்கே மூலையில் எப்போதும் இடம் காலியாக இருக்கும். நொல்லன் குன்று பரவாயில்லை. பிஷெல்சே ஏரிக்குக் காலையில் போனால் சரி. வெயில் ஏறினால் குளிக்க வருகிறவர்களின் கார்கள் நிறைந்துவிடும், பிறகு கதை கந்தல். போய், காருக்குள் இருந்தபடியே போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவாள். மடாலயத்துக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் திரும்பி வரும்போது மனம் அப்படி ஒரு சந்தோஷமாக இருக்கும்.

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வந்தது, கலாவதியின் தம்பியால். கலாவதி தவச்செல்வனின் மனைவி. அவளுடைய தம்பி சிந்துஜன் டீட்டிகோனில் இருக்கிறான், புதிதாகக் கலியாணம் செய்தவன், அவனுக்குக் கார் தேவைப்பட்டது. தவச்செல்வன் கலாவதியோடு வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, "சும்மா நிக்கிற கார்தானே தங்கச்சி, பெடியனுக்குக் குடுத்தால் உதவியாப் போகும்" என்றார்.

"நான் ஓடுறனான் அண்ணை" என்றாள் இந்திரா.

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். "எங்க ஓடுறனியள்?"

"உதில, பிஷிங்கனுக்கு."

"பிஷிங்கனோ! அது சைக்கிளிலையும் போகலாமே" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் இந்திராவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கில்தான் வாய் தவறியது. "அப்ப வாற ஞாயிறு நான் என்ரை காரிலை வாறன். சரிவராட்டி சிந்துஜன் தம்பி எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தாள். சபையில் சொன்னால் சொன்னதுதான், அதுவும் கலாவதி பக்கத்தில் இருக்கும்போது.

ஞாயிறு சென்டிஸ் என்று முடிவானது. கனடாக்காரர் யாரும் வரவில்லை. தவச்செல்வன் முன்னால், இந்திரா நடுவில், இரவீந்திரன் பின்னால். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, என்ரை காரைப் பாத்துப் பின்னால வாங்கோ" என்று தவச்செல்வன் சொல்லிவிட்டுப் போய் ஏறினார். அவளுடைய காரில் வேறு யாரும் ஏறவில்லை. பிள்ளைகளை ஏற்ற தாய்மாருக்கு மனம் வரவில்லை, அதை அவள் குறையாக எடுக்கவும் இல்லை.

வழியில் வரும் வட்வில் ஊர் வரைக்கும் நன்றாகவே போனது. அங்கே சுற்றுவட்டத்துக்கு முன்னால் ஒரு லொறி இடையில் புகுந்தது. லொறி விலகியபோது வெள்ளி டொயோட்டா முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் கறுப்பு வலை. இந்திரா அப்பாடா என்று பின்னால் போனாள். அது இடப்பக்கம் திரும்பி மேலே ஏறியது. அவளும் ஏறினாள்.

அது அவள் கனவிலும் தேர்ந்தெடுக்காத பாதை. வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் சரிவு, எதிரே பஸ் வந்தால் ஒதுங்க ஒரு முழம் இடம்தான். ஓரிடத்தில் ஏற்றத்திலேயே நிற்க வேண்டி வந்தது, முன்னால் மாடுகள் குறுக்கே போயின. "கடவுளே, உந்தாள் ஏன் உந்த வழியால போகுது?" என்று தவச்செல்வனைத் திட்டியபடி பிரேக்கை விட்டு எடுத்தாள். கார் பின்னுக்கு வழுகவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேலே போகப் போகப் பயம் விட்டுப்போய், ஜன்னலைக்கூடத் திறந்தாள்.

முன்னால் போன கார் ஒரு பண்ணை முற்றத்துக்குள் திரும்பி நின்றது. இந்திராவும் போய்ப் பின்னால் நின்றாள். கதவு திறந்தது. மஞ்சள் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள். பிறகு இரண்டு பிள்ளைகள் இறங்கின, அவையும் மஞ்சள் தலைமுடி.

அந்த நேரம் பார்த்து இரவீந்திரனின் காரும் முற்றத்துக்குள் வந்து நின்றது. அவனும் மனைவி சாருஜாவும் இறங்கினார்கள். சாருஜா பின்கதவைத் திறந்து பாயை எடுக்கத் தொடங்கினாள்.

"அக்கா, நல்ல இடம்!" என்றான் இரவீந்திரன். "அண்ணை இந்த முறைதான் உருப்படியா ஒரு இடம் பிடிச்சிருக்கிறார். ஆள் எங்க?"

"தம்பி, நான் வழி மாறி வந்திட்டன். நீர் ஏன் வந்தனீர்?"

"நான் உங்களுக்குப் பின்னால வந்தனான்" என்றான் அவன், அதைவிட நியாயமான காரணம் உலகத்தில் இல்லை என்பது போல.

அந்தப் பெண் என்ன ஏது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் இந்திரா ஓடிப்போய்க் காரில் ஏறினாள். உடனே இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. காரைப் பின்னுக்கு எடுத்தாள். டங் என்று சத்தம். வேலித் தூண் ஒன்று சரிந்து நின்றது. காரின் பின்பக்கம், விளக்குக்குக் கீழே, நன்றாக உள்ளே போயிருந்தது.

பண்ணைக்காரி கோபப்படவில்லை. தூண் எப்போதோ உக்கிப்போனது, புருஷன் இந்தக் கிழமை மாற்றத்தான் இருந்தார் என்றாள். நடந்ததை இந்திரா ஜெர்மன் மொழியில் சொன்னாள். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மேலே காட்டோரத்தில் நெருப்பு மூட்டும் இடமும் உட்கார வாங்கு ஒன்றும் இருக்கிறது, யாரும் போகலாம் என்று கையைக் காட்டினாள்.

தவச்செல்வனின் அழைப்பு வந்தது. அவர் சென்டிஸ் அடியில் நின்றார். கோழி இரவீந்திரன் காரில் இருந்தது, சோறும் அதில்தான். எனவே அவர் வருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இந்த முறை விலாசத்தை இந்திரா அனுப்பினாள்.

அவர் வந்து சேர்ந்தபோது கோழி பாதி சுட்டாகிவிட்டது. நேரே போய், காட்டோரத்தில் நின்ற இந்திராவின் காரை ஒரு சுற்று சுற்றினார். நசிந்த இடத்தில் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். கலாவதி பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாருக்கும் தெரியும் இப்போது என்ன வரப் போகிறதென்று. இரவீந்திரன்கூட நெருப்பை விசிறுவதை நிறுத்தினான்.

"ஆளுக்கு ஒண்டும் நடக்கேல்ல, அது போதும்" என்றார் தவச்செல்வன். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார், அதுதான் கொடுமை. "இறங்கேக்க வளைவு கூட. காரின்ரை திறப்பைத் தாங்கோ தங்கச்சி, இரவீந்திரன்ரை மனுசி என்ரை காரை எடுக்கட்டும், நான் இதை ஓடுறன். அப்படியே சிந்துஜனிட்டைக் குடுத்திடுறன், அவன் நசிவு எடுப்பிப்பான்." கையை நீட்டினார்.

திறப்பு இந்திராவின் கைக்குள் இருந்தது. கொடுத்துவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். கொடுத்த வாக்கைக் காத்தவள் என்று பேர் வரும், கடைசி இருக்கை திரும்பக் கிடைக்கும். அவள் கீழே தெரிந்த பாதையைப் பார்த்தாள். தான் அதில் ஏறி வந்ததை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

"நீங்கள்தானே சொன்னனீங்கள், சரிவராட்டி அவன் எடுக்கட்டும் எண்டு" என்றார் அவர் மெதுவாக.

"ஓம் அண்ணை, நான்தான் சொன்னனான்." திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள். "இப்ப நான்தான் மாத்திச் சொல்லுறன். கார் எனக்கு வேணும்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தவச்செல்வனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதைச் சட்டைப்பைக்குள் விட்டார்.

"அப்ப பெடியனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"விக்கேல்லையாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் இந்திரா.