மெம்பர் திறந்துவிட்ட தண்ணீர்

மாதன்கொட்டாய் தண்ணீர்த் தொட்டியின் முன்னால் காலை ஆறரை மணிக்கே நாற்பது குடங்கள் வரிசையில் நின்றன. குழாயில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வால்வுக்குப் பூட்டு. பூட்டுக்கு மேலே ஓர் அட்டை: "இயந்திரம் பழுது. நீரில் பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம். குடிக்க வேண்டாம்."

வார்டு மெம்பர் தீர்த்தகிரி அட்டையைப் படித்தார். படித்த கையோடு பிய்த்து எறிந்தார்.

"யாரக் கேட்டு இதத் தொங்கவுட்ட?"

அஃப்சானா சுத்திகரிப்பு அறையை விட்டு வெளியே வந்தாள். வேதியியல் படித்தவள், நல்லம்பள்ளியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து இந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள்.

"யாரையும் கேக்கத் தேவையில்லீங்க. மெஷின் ஓடலன்னா வால்வ மூடணும். அதான் ரூல்."

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது. அதுக்கு என்னா கேடு வந்துச்சி?"

"மருந்துக்கு நெறமும் கெடையாது, வாடையும் கெடையாதுங்க."

"காய்ச்சிக் குடிச்சிக்கறோம்மா," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"காய்ச்சினா கிருமிதான் சாவும். மருந்து போவாதுங்க."

தண்ணீரில் மருந்து கலப்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஊர்க் கிணற்றைச் சுற்றிலும் சாமந்தித் தோட்டங்கள். அடிக்கிற மருந்து மழையோடு இறங்கி ஊற்றில் கலக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் இரண்டு வருடத்துக்கு முன் இந்த இயந்திரம் வந்தது. காற்றிலிருந்து ஓசோன் என்ற வாயுவை உண்டாக்கி, தண்ணீருக்குள் குமிழி குமிழியாக விடும். கண்ணுக்குத் தெரியாத மருந்து எச்சத்தை அது உடைத்துப்போடும். மிச்சம் மீதியைக் கரிப்படுகை பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் அந்த ஓசோனை உண்டாக்கும் குழல் வெடித்துவிட்டது. புதிய குழல் வரவேண்டுமென்றால் வார்டு மெம்பர் கையெழுத்திட்ட கடிதம் போகவேண்டும்.

அஃப்சானா எழுதிக் கொடுத்த கடிதம் கையெழுத்தில்லாமல் தீர்த்தகிரியின் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவருக்குக் கிணற்றுக்கு மேல்புறம் நாலு ஏக்கர் சாமந்தி. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. 'மாதன்கொட்டாய் தண்ணியில விஷம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அந்த ஊர்ப் பூவை எந்த வியாபாரி தொடுவான்? அதைவிட, இன்னொன்றும் அவரை அரித்தது. மருந்தடித்த தெளிப்பான் டேங்கை அவர் கழுவுவது கிணற்றோரக் கல்தொட்டியில்தான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட இந்தப் பெண் வாகாக எதிரில் நின்றாள்.

"நோட்டுல மெஷின் ஓடுச்சின்னு எழுது. வால்வத் தொற."

"பொய் எழுத மாட்டேங்க."

"எங்கூருக்குப் பொழைக்க வந்துட்டு எங்களுக்கே சட்டம் பேசறியா?"

அவர் கடப்பாரையை எடுத்துவரச் சொன்னார். மூன்றே அடியில் பூட்டு தெறித்தது. தண்ணீர் பாய்ந்தது. பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். "மெம்பருன்னா இப்பிடி இருக்கணும்" என்று யாரோ சொன்னது அவர் காதில் தேனாக இறங்கியது.

அஃப்சானா வாதாடவில்லை. பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து, எல்லார் கண்முன்னாலும் குழாயில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டினாள்.

"எங்க கொண்டுபோற?"

"சேலத்துக்கு. லேபுக்கு."

"டெல்லிக்கே கொண்டுபோ!" என்றார் தீர்த்தகிரி. கூட்டம் சிரித்தது.

அடுத்த பத்து நாளும் அவளுக்கு அந்த ஊரில் யாரும் முகம் கொடுக்கவில்லை. டீக்கடையில் அவளுக்கு டீ இல்லை என்றார்கள். சொல்லச் சொன்னது மெம்பர். ஒருநாள் ஸ்கூட்டியின் இரண்டு டயரையும் யாரோ குத்திக் கிழித்திருந்தார்கள். அதைச் செய்தது அவர் இல்லை. யார் செய்தது என்று அவர் விசாரிக்கவும் இல்லை. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெயின்ரோடு வரை நடந்ததை வரப்பில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அவள் வந்தாள். அட்டையை மறுபடி எழுதித் தொங்கவிட்டாள். அவர் மறுபடி பிய்த்தார்.

பதினோராம் நாள் காலை, தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்து அவள் அறிக்கையோடு வந்து நின்றாள்.

"மூணு மருந்து இருக்குதுங்க. ரெண்டு கொஞ்சம்தான். மூணாவது, இருக்கலாம்னு சொன்ன அளவப்போல பன்னெண்டு மடங்கு." அவள் அந்த மருந்தின் நீளமான பெயரைப் படித்தாள். கடையில் அதை எந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பதையும் சொன்னாள். "இந்த வருசம்தான் புதுசா வந்திருக்குது. யாரு அடிக்கறீங்க?"

எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அந்த மருந்தை முதலில் வாங்கியது தான்தான் என்று ஒரு மாதமாக டீக்கடையில் பெருமையடித்தவர் தீர்த்தகிரி.

"பொய்யி!" என்று கத்தினார் அவர். "காகிதத்துல என்னா வேணா எழுதலாம். இவ வேணும்னே..."

"நிறுத்துய்யா."

அவர் மனைவி முனியம்மாள் இடுப்புக் குடத்தைத் தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

"அது எங்கூட்டு மருந்துதான். நானே கலக்கிக் குடுத்தேன், நீ கல்தொட்டியில டேங்கு கழுவுன. பத்து நாளா நீ பூட்ட ஒடச்சி உட்ட தண்ணியிலதான நம்ம மவ அமுதவல்லி கொழந்தைக்கிப் பால்பவுடரு கரைக்கறேன்? மூணு மாசக் கொழந்தைய்யா!"

மகள் பிரசவத்துக்கு வந்தது, பால் சுரக்காமல் பவுடர் வாங்கியது, தினமும் காலையில் தானே முதல் குடத்தைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியது, எல்லாம் தீர்த்தகிரியின் நினைவில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. கூட்டத்தில் இப்போது யாரும் அவரைப் பாராட்டவில்லை. "கைய ஒடிக்கணும்" என்றது ஒரு குரல். பத்து நாளைக்கு முன் அவரைப் புகழ்ந்த குரல்தான்.

அன்றே குழந்தையைத் தருமபுரிக்குத் தூக்கிப்போனார்கள். இப்போதைக்குத் தெரிகிற கெடுதல் ஒன்றுமில்லை, மாதாமாதம் காட்டுங்கள் என்றார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல் திரும்பி வரும் வழியெல்லாம் தீர்த்தகிரியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வீட்டில் அமுதவல்லி அவரோடு பேசவில்லை.

மறுநாள் அவர் கல்தொட்டியைக் கடப்பாரையால் இடித்துப்போட்டார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்கு வந்து, கசங்கிப்போன கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அஃப்சானாவிடம் நீட்டினார். அவள் உட்காரச் சொல்லவில்லை. முகத்திலும் இரக்கம் இல்லை.

"பத்து நாளைக்கு முன்னாடி போட்டிருந்தா குழல் இந்நேரம் வந்திருக்கும்."

"தெரியுது."

"ஊருக்குச் சொல்லுவீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் முறைத்துக்கொண்டே நின்றார்கள். டேங்கர் லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்கள். தீர்த்தகிரி தானே அட்டையை எடுத்து வால்வில் மாட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு நெனச்சேன். உண்மையச் சொன்னவள வெரட்டுனேன். மெஷினு தண்ணியில இருக்கற வெஷத்த ஒடைக்கும். அது ஓடாதப்ப ஓடுதுன்னு பொய் எழுதச் சொன்னா வெஷத்த எதால ஒடைக்கறது? ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க: கெணத்தோரம் நாம ஊத்தறது ஊராங்கூட்டுக்குப் போவாது. நம்மூட்டுப் பால்புட்டிக்குத்தான் மொதல்ல வரும்."