தீட்டு இல்லாதவள்

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறியதும் குமரப்பன் சைகோனில் லேவாதேவிக் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பினார். சைகோன் முருகன் கோயிலில் தாலி கட்டியிருந்த வியட்நாம்காரி லானையும் கூட்டிவந்தார். திருமயம் கோட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் அவளைக் குடிவைத்தார். பக்கத்துக் கிராமத்துப் பெரிய வீட்டில் அவருடைய மூத்த மனைவி சேதுலட்சுமி ஆச்சி இருந்தார்.

லான் பார்த்துப் பார்த்துக் கற்றாள். பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் கொடுப்பதுதான் அவள் ஊரில் மரியாதை. இங்கே வெற்றிலையில் இடது கை பட்டதற்கே முகம் சுளித்தார்கள். வெளியே கிளம்புகிறவர்களிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. 'போறேன்' கூடாது, 'போயிட்டு வாரேன்'. பக்கத்து வீட்டு மூக்காயி சிரித்துச் சிரித்துத் திருத்தினாள். அவள் ஊரில் எதற்கும் ஊற்றிக்கொள்ளும் மீன் ஊறல் தண்ணீர் இல்லாத சோறு தொண்டையில் இறங்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

"பெரிய வீட்டுக்கு எப்ப?" என்று கேட்டால், "இன்னுங் கொஞ்சம் பழகு" என்பார் குமரப்பன். அவளும் பழகிக்கொண்டேயிருந்தாள்.

ஒரு மார்கழியில் பெரிய வீட்டில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சேதி தெரிந்து லான் பஸ் பிடித்துப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். உள்ளே சேதுலட்சுமியைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். லான் ஓரமாக உட்காரப் போனாள். குமரப்பனின் தங்கை முத்தாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கிட்டு உக்காராத."

"எனக்கும் அவுகதானே புருசன்..."

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? பங்காளி வீட்டுல எல்லாருக்கும் தீட்டு, அடுப்பு மூட்டக் கூடாது. சம்பந்தி வீட்டுச் சோறு வர நேரமாகும், புள்ளைக பசியில கெடக்கு. ஒனக்குத்தான் தீட்டு இல்லையே, பின்கட்டுல போயி ஒலை வையி."

முத்தாள் கடிந்து பேசவில்லை. கைக்கு ஓர் ஆள் கிடைத்த நிம்மதியோடுதான் சொன்னாள். தமிழ் தெரியாத காலமாயிருந்தால் லானுக்கு அது வெறும் வேலையாகப் போயிருக்கும். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தீட்டு இல்லையென்றால் உறவே இல்லை. அவள் சேதுலட்சுமியைப் பார்த்தாள். ஆச்சி ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

லான் உலை வைத்தாள். புகையில் கண் கலங்கினால் கேட்பாரில்லை. சுடுகாடு போய்க் குளித்துவிட்டு வந்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"ரசம் நல்ல பக்குவம்" என்றார் ஒரு பெரியவர். "சைகோன்காரி நம்ம சமையலை நல்லாத்தான் படிச்சிருக்கா."

அவள் ஒரு பருக்கை தொடவில்லை. சாயங்காலம் திருமயம் வந்து, கிணற்றடியில் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். தாலியைத் தானே கழற்றினாள். மூக்காயி பதறி ஓடிவந்தாள்.

"ஏம்மா, தனியாவா இதைச் செய்வாக? மொறைக்கு நாலு பொம்பளைக வேணாமா?"

"மொறையெல்லாம் தெரியும்க்கா. ஆளுதான் இல்ல."

மூக்காயி வாளியை வாங்கி, தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.