பஞ்சு மாட்டிய இடம்

தாமோதரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை சைக்கிளில் சரிவு இறங்கப் போனான். செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்தான். சரிவு கொஞ்சம் நீண்டுவிட்டது என்றான். குன்னூரில் ஃப்ரேம் தேய்ந்த சைக்கிள்களுக்கு அப்படி நீள்வதுண்டு. அதனால் அவன் மனைவி செண்பகவல்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசத்தைச் சுடவைத்து ஊற்றினாள்.

"நன்றி, செண்பகவல்லி" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் செம்பா என்றுதான் கூப்பிடுவான். ரசத்துக்கு நன்றி சொன்னதும் இதுதான் முதல் தடவை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள், யாரும் தொடாமலே கிறீச்சென்றது. போய்ப் பார்த்தாள். சீட்டுக்குக் கீழே, இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், முடி ஒட்டியது போல ஒரு கோடு.

"பெயின்ட்தான் உரிஞ்சிருக்கு" என்றான் தாமோதரன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

பெயின்ட் கீறல் என்றால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும்; விரிசல் என்றால் மாட்டும். செண்பகவல்லி கையிலிருந்த பஞ்சை அதன்மேல் தேய்த்தாள். மாட்டியது. இழுத்தாள். உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். விரிசலுக்குள் தேயிலைத் தோட்டம் இருந்தது. சிவப்பு ஹெல்மெட்டோடு தாமோதரன் இறங்கிக்கொண்டிருந்தான். கையில் பஞ்சு.

"செம்பா! பஞ்சு எதுக்கு?"

"நீங்க இன்னும் வரலையா?"

"வந்துட்டேதான் இருக்கேன். பாதை முடிய மாட்டேங்குது. ஃப்ரேம் வேற ஆடுது. பிரேக் பிடிச்சா உடைஞ்சுடும் போல."

"உடைஞ்சா?"

"கீழ விழுவேன். கீழங்கறது இங்க ரொம்ப தூரத்துல இருக்கு."

அவள் புடவை மாற்றிக்கொண்டு, சைக்கிளையும் நாற்காலியில் இருந்தவனையும் கூட்டிக்கொண்டு, சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் பெஞ்சமின் கடைக்குப் போனாள். பெஞ்சமின் ஸ்பேனரால் ஃப்ரேமைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"பஞ்சு மாட்டிச்சா?"

"மாட்டிச்சு."

"அப்ப இன்னிக்கே மாத்தணும். உள்ள ஆள் இருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப இவரு?"

"இவரும்தான்."

பெஞ்சமின் தலையாட்டினார். "வெல்டிங் வெச்சா வழி அடைச்சிடும். புது ஃப்ரேம பக்கத்துல சாய்ச்சு வெச்சா அதுல மாறி ஏறிக்குவாரு. ஆனா பழசு ஒண்ணு இங்க வெச்சுட்டுப் போகணும். கடை வழக்கம்."

பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பழைய ஃப்ரேம்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லியதாக மணிச் சத்தம் கேட்டது.

"இதைத் தரமாட்டேன்" என்றாள் செண்பகவல்லி.

"பழசு எதுவா இருந்தாலும் சரிம்மா."

"நான் இருக்கேன், செண்பகவல்லி. பரவாயில்லை" என்றான் பக்கத்தில் நின்றவன்.

பெஞ்சமின் அவன் தோளையும் ஸ்பேனரால் தட்டிக் கேட்டார். "விரிசல் இல்ல. எடுத்துக்கறேன்."

அவனை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. எதிர்க் கடையில் இரண்டு வர்க்கி பிஸ்கட் வாங்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் நன்றி சொன்னான்.

சைக்கிளையும் புது ஃப்ரேமையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, விரிசல் தொடும்படி புது ஃப்ரேமைச் சாய்த்து வைத்தாள்.

"செம்பா, பக்கத்துல இன்னொரு பாதை தெரியுது."

"அதுல ஏறிக்குங்க. பிரேக்கைத் தொடாதீங்க. உடம்பை மட்டும் சாய்ங்க. எத்தனை தடவை சொல்றது, பழைய ஃப்ரேம்ல இறங்காதீங்கன்னு..."

"திட்டாதடி. வளைவுல இருக்கேன்."

கூடம் முழுக்கத் தேயிலை வாசனை அடித்தது. பழைய ஃப்ரேம் டப்பென்று இரண்டாக உடைந்து தரையில் விழுந்தது. அவள் புது ஃப்ரேமில் காதை வைத்தாள்.

புது ஃப்ரேமுக்குள் மணி அடித்தது.

"வீட்டுக் கூரை தெரியுது. ரசம் இருக்கா?"

"வெக்கறேன்."

அவன் நன்றி சொல்லவில்லை. செண்பகவல்லி புளியை ஊறப்போட்டாள்.